முன்சக்கர லோயர் ஆர்மை வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

பிரேக்கை அழுத்தி வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் முன்பக்க அடியிலிருந்து 'டொக்' என்று ஒற்றைச் சத்தம் கேட்டு, ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போதும் அதே சத்தம் திரும்பவும் கேட்டால், லோயர் ஆர்ம் என்று பட்டறைகளில் அழைக்கப்படும் கண்ட்ரோல் ஆர்மின் (சக்கரத்தின் அடிப்பகுதியை வண்டியோடு இணைக்கும் கை) பின்புற ரப்பர் புஷ்ஷைத்தான் (மூட்டில் அசைவைத் தாங்கும் ரப்பர் உருளை) முதலில் சந்தேகிக்க வேண்டும். எங்கள் காரிலும் கோளாறு இப்படித்தான் தொடங்கியது. பின்னர், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி மெல்ல ஒரு பக்கமாக நகர்வதும், பிரேக் பிடிக்கையில் ஸ்டியரிங் கையில் லேசாக இழுபடுவதும், முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் விரைவாகத் தேய்வதும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. இரண்டு பக்க ஆர்ம்களையும் நானே வீட்டில் மாற்றினேன். கழற்றுவது பொறுமையைக் கேட்கிறது. மாட்டுவதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. ஆனால் உள்முனை போல்ட்டுகளை எந்த நிலையில் வைத்து இறுக்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் புதிய ஆர்ம் எத்தனை காலம் உழைக்கும் என்பது முடிவாகிறது. அந்தப் பகுதியைப் பற்றி விரிவாகவும் மற்றவற்றைத் தேவையான அளவுக்கும் எழுதுகிறேன்.

இன்றைய சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட், சக்கரத்தைச் சுமக்கும் நக்கிளின் மேற்பகுதியைப் பிடித்துக்கொள்ள, அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் ஒரே ஒரு ஆர்மின் மேல் விழுகிறது. ஆர்மின் வெளிமுனையில் உள்ள பால் ஜாயின்ட் (எந்தப் பக்கமும் திரும்பும் பந்து மூட்டு) நக்கிளோடு இணைகிறது. உள்முனையில் உள்ள இரண்டு ரப்பர் புஷ்கள் சப்ஃபிரேமோடு (வண்டியின் அடியில் போல்ட்டால் பொருத்தப்பட்ட சட்டம்) இணைகின்றன. இவற்றில் ஒன்று சிறியதாகவும் கெட்டியாகவும் இருந்து வளைவுகளில் வரும் பக்கவாட்டு விசையைத் தாங்குகிறது. மற்றொன்று, முதலில் சொன்ன பின்புற புஷ், பெரியதாகவும் மென்மையாகவும் இருந்து, பிரேக் பிடிக்கும்போதும் குழியில் விழும்போதும் சக்கரம் முன்பின்னாக அசைவதை விழுங்கிக்கொள்கிறது. இந்த அமைப்பை 1940களில் உருவாக்கிய ஏர்ல் மெக்பெர்சனின் தொடக்க கால வடிவமைப்பில், சக்கரத்தை முன்பின்னாகப் பிடித்துக்கொள்ளும் வேலையை ஸ்டெபிலைசர் பாரே (வளைவுகளில் வண்டி சாய்வதைக் குறைக்க இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) செய்தது. இன்று நாம் காணும் எல் வடிவ ஆர்ம் அந்தப் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்டதால்தான், மென்மையான அந்தப் பெரிய புஷ் பெரும்பாலும் முதலில் கிழிகிறது.

முன்பக்கச் சத்தத்துக்கு வேறு காரணங்களும் இருப்பதால், ஆர்மைக் குறை சொல்வதற்கு முன் அவற்றை விலக்கிவிட வேண்டும். வண்டியை நிறுத்திவைத்து ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது மேலிருந்து சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் ஸ்ட்ரட் மவுன்ட்டைப் பார்க்க வேண்டும். சிறுசிறு மேடுபள்ளங்களில் தொடர்ந்து கடகடவென்று ஒலித்தால், ஸ்டெபிலைசர் பாரின் முனையை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கின் மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும். அது ஆர்மைவிட எளிதில் மாற்றக்கூடிய உறுப்பு என்பதால், தவறாகக் கணித்து ஆர்மை வாங்கிவிட்டுப் பிறகு லிங்க்கைக் கண்டுபிடிப்பது வீண்செலவு. புஷ்ஷைச் சோதிக்க, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியபின், நெம்புகம்பியைச் சப்ஃபிரேமுக்கும் ஆர்முக்கும் இடையில் கொடுத்து முன்பின்னாக நெம்பிப் பார்க்கலாம். ரப்பர் என்பதால் ஓரளவு அசைவு இருக்கத்தான் செய்யும். உலோகம் உலோகத்தில் தட்டுவதும், ரப்பர் வெளிவளையத்திலிருந்து பிய்ந்து இடைவெளி தெரிவதும்தான் கோளாறின் அடையாளங்கள். ரப்பரின் மேற்பரப்பில் தெரியும் மெல்லிய வெடிப்புகளை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. பழைய வண்டிகள் எல்லாவற்றிலும் அவை இருக்கும். பால் ஜாயின்ட்டுக்கு, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டும்போது இன்னொருவர் ஜாயின்ட்டின் மேல் விரல் வைத்துப் பார்த்தால், வீல் பேரிங்கின் ஆட்டத்தையும் ஜாயின்ட்டின் ஆட்டத்தையும் பிரித்தறியலாம்.

புஷ்ஷை மட்டும் மாற்றலாமா, முழு ஆர்மையும் மாற்றலாமா என்ற கேள்வி வரும். புஷ்ஷைக் கழற்றி ஏற்ற ஹைட்ராலிக் பிரெஸ் தேவை. பல புஷ்களில் ரப்பருக்குள் வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளிகள் குறிப்பிட்ட திசையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதால், கோணம் தவறி ஏற்றினால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் அசையும் விதமே மாறிவிடும். புஷ்களும் பால் ஜாயின்ட்டும் ஏற்கெனவே பொருத்தப்பட்ட முழு ஆர்ம் கிடைக்குமானால், வீட்டில் வேலை செய்பவருக்கு அதுவே சரியான தேர்வு என்பது என் கருத்து. ஒரு பக்கம் கிழிந்திருந்தால் அதே தூரம் ஓடிய மறுபக்கமும் பின்தொடரும் என்பதாலும், வீல் அலைன்மென்ட்டை இருமுறை செய்ய நேரும் என்பதாலும், இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடுவதே நல்லது. புதியதைப் பழையதன் அருகில் வைத்து, இடவல வடிவம், பால் ஜாயின்ட் தண்டின் தடிமன், புஷ் துளையின் விட்டம் ஆகியவற்றைக் கழற்றுவதற்கு முன்பே கண்ணளவிலாவது ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு பால் ஜாயின்ட் தண்டின் அளவு மாறுவது அரிதன்று. வண்டி ஸ்டாண்டில் ஏறியபின் அது தெரியவந்தால் கடைக்குப் போவதற்கு வண்டி இருக்காது.

இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம். மெக்பெர்சன் அமைப்பில் ஸ்பிரிங் முழுவதும் ஸ்ட்ரட்டுக்குள்ளேயே அடைபட்டிருப்பதால், கீழ் ஆர்மைக் கழற்றினாலும் ஸ்பிரிங் விடுபடாது. மேலும் கீழும் இரண்டு ஆர்ம்கள் இருந்து, ஸ்பிரிங் நேராகக் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே பால் ஜாயின்ட்டைப் பிரித்த கணத்தில் ஸ்பிரிங்கில் அடைபட்டிருக்கும் விசை முழுவதும் வெளிவரும். அத்தகைய வண்டியில் உரிய ஸ்பிரிங் கம்பிரஸரும் அதைப் பயன்படுத்திய பழக்கமும் இல்லாதவர் இந்த வேலையைத் தொடக் கூடாது. இங்கே நான் எழுதுவது அனைத்தும் மெக்பெர்சன் அமைப்புக்கு மட்டுமே பொருந்தும்.

வண்டியைத் தூக்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய அளவெடுப்பு ஒன்று உண்டு. சமதளத்தில், டயர்களில் சரியான காற்றுடன், வண்டி நான்கு சக்கரங்களிலும் நிற்கும்போது, முன்சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே உள்ள ஃபெண்டர் வளைவின் விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று இருபுறமும் அளந்து ஒட்டுத்தாளில் எழுதி ஃபெண்டரிலேயே ஒட்டிவைத்தேன். டயர் விளிம்பிலிருந்தோ தரையிலிருந்தோ அளந்தால் பயனில்லை. தூக்கியபின்னும் அளக்கக்கூடியது சக்கர மையத்துக்கும் ஃபெண்டருக்கும் இடைப்பட்ட தூரம் மட்டுமே. இந்த எண்ணின் பயன் கடைசியில்தான் தெரியும்.

தூக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கெட்டியான சமதளம், பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, தரையில் நிற்கும்போதே தளர்த்திய வீல் நட்டுகள், கையேடு காட்டும் இடத்தில் இருபுறமும் ஸ்டாண்டுகள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடம்பின் எந்தப் பகுதியையும் நுழைக்கக் கூடாது. இந்த வேலையில் நீண்ட கம்பியைப் போட்டுப் பலமாக இழுப்பீர்கள் என்பதால், ஸ்டாண்டில் நிறுத்தியவுடன் வண்டியை உடலால் தள்ளி அசைத்துப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் வேலை என்றாலும் இரண்டு முன்சக்கரங்களையும் தூக்கிவிடுவது நல்லது. ஒரு சக்கரம் தரையிலும் மற்றது தொங்கியும் இருந்தால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி நிற்கும். அந்த நிலையில் லிங்க்கைக் கழற்றினால் பார் தெறிக்கும், மாட்டும்போது துளைகளும் நேர்கோட்டில் வராது.

முந்தைய நாள் மாலையே எல்லா போல்ட், நட்டுகளையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவில் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்துவைத்ததன் பலன் மறுநாள் தெரிந்தது. சாக்கெட்டைப் பொறுத்தவரை அறுமுக சாக்கெட்டையே பயன்படுத்துங்கள். பன்னிருமுக சாக்கெட் துருப்பிடித்த தலையின் மூலைகளை மழித்துவிடும். லிங்க் ஆர்மோடு இணைந்திருக்கும் வண்டிகளில் முதலில் அதைப் பிரிக்க வேண்டும். நட்டைத் திருப்பும்போது தண்டும் சேர்ந்து சுற்றினால், தண்டின் முனையில் உள்ள குழியில் ஆலன் கீயையோ டார்க்ஸ் கீயையோ கொடுத்துப் பிடித்துக்கொண்டு நட்டை ரிங் ஸ்பேனரால் திருப்பலாம். குழிக்குள் இருக்கும் மண்ணை ஊசியால் சுரண்டி எடுத்தபின் கீயைக் கொடுத்தால்தான் அது நழுவாது.

பால் ஜாயின்ட்டைப் பிரிப்பதில் இரண்டு வகை உண்டு. சில வண்டிகளில் தண்டு கூம்பு வடிவத்தில் நக்கிளின் கண்ணுக்குள் இறுகியிருக்கும். நட் கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டைத் தளர்த்தி, ஆனால் சில மரைகள் பிடித்திருக்கும்படி விட்டுவைத்து, திருகிப் பிரிக்கும் பால் ஜாயின்ட் புல்லரைப் போட்டு இறுக்கினால் ஒரு வெடிச்சத்தத்தோடு கூம்பு விடுபடும். நட்டை விட்டுவைப்பது, விடுபடும்போது ஆர்ம் முகத்தை நோக்கி வராமலிருக்கத்தான். நக்கிள் இரும்பாக இருந்தால் அந்தக் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தும் விடுவிக்கலாம். அலுமினிய நக்கிளில் அந்த முறையை நினைக்கவே வேண்டாம். கவை வடிவப் பிரிப்பான் ஜாயின்ட்டின் ரப்பர் உறையைக் கிழித்துவிடும். தூக்கி எறியப்போகும் ஜாயின்ட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் அதே கருவியை ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையில் பயன்படுத்தினால் அதையும் புதிதாக வாங்க நேரும்.

எங்கள் காரில் இருந்தது இரண்டாவது வகை. தண்டு உருளையாக இருந்து நக்கிளின் பிளவுபட்ட துளைக்குள் நுழையும். குறுக்கே செல்லும் கிளாம்ப் போல்ட், தண்டில் வெட்டப்பட்ட பள்ளத்தின் வழியாகப் போய் அதைப் பூட்டும். இந்த போல்ட்தான் முழு வேலையிலும் அதிக நேரம் எடுத்தது. ஒரே மூச்சில் திருப்ப முயன்றால் முறியும். கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்தி என்று துருவை மாவாக்கிக்கொண்டே வந்தால் அது மெல்ல இசைந்துகொடுக்கிறது. போல்ட் வெளியே வந்தபின், பிளவில் ஒரு உளியை மெதுவாகத் தட்டி ஏற்றி இடைவெளியைச் சற்றே விரித்து, ஆர்மைக் கீழ்நோக்கி நெம்பினால் தண்டு இறங்கும். உளியை அளவுக்கு மீறி அடித்தால் நக்கிளின் காது வெடிக்கும். அதோடு ஒப்பிட்டால் ஆர்மின் விலை ஒன்றுமில்லை.

தண்டு விடுபட்டவுடன் நக்கிள் ஸ்ட்ரட்டில் தொங்கிக்கொண்டு எந்தப் பக்கமும் ஆடத் தொடங்கும். அதை வெளிப்பக்கமாக இழுக்காதீர்கள். முன்சக்கர இயக்க வண்டிகளில் ட்ரைவ் ஷாஃப்ட்டின் உள்முனை ஜாயின்ட் அதன் கூட்டிலிருந்து நழுவி வெளியே வந்துவிடக்கூடும். அப்படி வந்தால் உறையைக் கழற்றி, கிரீஸைத் துடைத்து, ரோலர்களை அடுக்கி என்று திட்டமிடாத இன்னொரு வேலை தொடங்கும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் சென்சாரின் வயரும் கூட இழுபடும். ஒரு கயிற்றால் நக்கிளை உள்பக்கமாகச் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

உள்முனை போல்ட்டுகளில் இரண்டு சிக்கல்களை எதிர்பார்க்கலாம். முதலாவது, போல்ட் சுற்றும், ஆனால் வெளியே வராது. புஷ்ஷின் உள்ளிருக்கும் இரும்புக் குழாயோடு அது துருவால் ஒட்டிக்கொண்டு ரப்பரையும் சேர்த்துத் திருகிக்கொண்டிருக்கும். எண்ணெய்க்கும் அடிக்கும் அசையாவிட்டால், புஷ்ஷுக்கும் சப்ஃபிரேமின் காதுக்கும் இடையே ரம்பத்தைக் கொடுத்து அறுப்பதே வழி. தீயிட்டுச் சூடாக்குவதை நான் விரும்புவதில்லை. ரப்பர் எரியும் புகை ஒருபுறம், பிரேக் ஹோஸின் நெருக்கம் மறுபுறம். இரண்டாவது, சப்ஃபிரேமுக்குள் பற்றவைத்த நட் உடைந்து உள்ளேயே சுற்றுவது. மூடிய பெட்டிக்குள் கை போகாது என்பதால் இதைத் தவிர்ப்பதுதான் தீர்வு. இம்பாக்ட் ரெஞ்ச்சால் தொடர்ந்து அதிரவிடாமல் நீண்ட கம்பியால் கையுணர்வோடு திருப்புவதற்கு இதுவே காரணம். சில வண்டிகளில் கியர்பாக்ஸோ என்ஜினோ மறிப்பதால் போல்ட் பாதி வெளிவந்து நின்றுவிடும். அங்கே என்ஜினுக்கு முட்டுக் கொடுத்து மவுன்ட்டைத் தளர்த்தவோ சப்ஃபிரேமைச் சற்று இறக்கவோ வேண்டியிருக்கும். சப்ஃபிரேமைத் தளர்த்துவதாக இருந்தால், அது உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிப் பெயின்ட்டால் கோடிட்டுவிடுங்கள். சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால்கூட இருபக்கச் சக்கரங்களின் கோணமும் மாறும்.

புதிய ஆர்மை உள்முனையிலிருந்து மாட்டிக்கொண்டு வர வேண்டும். போல்ட்டுகளைக் கையால் சில மரைகள் ஏற்றியபின்னரே கருவியைத் தொட வேண்டும். கூம்புத் தண்டாக இருந்தால் கூம்பும் கண்ணும் எண்ணெய்ப் பசையின்றி உலர்ந்திருக்க வேண்டும். கூம்பின் பிடிப்பே உராய்வில்தான் இருக்கிறது. பிளவுத் துளை வகையில், தண்டின் பள்ளம் போல்ட் துளைக்கு நேராக வரும்வரை தண்டை முழுதாக ஏற்றியபின், கிளாம்ப் போல்ட் விரலால் தள்ளினாலே நுழைய வேண்டும். அது தடைப்பட்டால் தண்டு இன்னும் ஏற வேண்டியிருக்கிறது என்று பொருள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் போல்ட் பள்ளத்தில் உட்காராமல் தண்டின் பக்கத்தைத்தான் நசுக்கும், சக்கரம் ஆர்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

இனி இறுக்குதல். வழக்கமான ரப்பர் புஷ்ஷில் வெளியே ஒரு உலோக வளையம், உள்ளே ஒரு உலோகக் குழாய், இரண்டோடும் ஒட்டவைக்கப்பட்ட ரப்பர் நடுவில். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் சப்ஃபிரேமின் இரண்டு காதுகளுக்கிடையே நசுங்கி அசையாமல் பிடிபடுகிறது. அதன்பின் ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் குழாயின் மேல் சுழல்வதால் நடப்பதன்று, ரப்பர் முறுக்கிக்கொண்டு கொடுப்பதால் மட்டுமே நடக்கிறது. ஆகவே போல்ட்டை இறுக்கும் கணத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுவே ரப்பரின் முறுக்கற்ற நிலையாகிவிடுகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர், பிழிந்த துணியைப் போல, ஒரு பக்கமாக முறுக்கேறியே இருக்கும். கணக்காகப் பார்த்தால், 350 மில்லிமீட்டர் நீளமுள்ள ஆர்மின் வெளிமுனை 80 மில்லிமீட்டர் கீழே தொங்கினால் கோணம் ஏறத்தாழ 13 டிகிரி மாறுகிறது. நிற்கும்போதே 13 டிகிரி முறுகிய ரப்பர், மேட்டில் ஏறும்போது இன்னும் அதே திசையில் முறுகி, ஒட்டுப் பகுதியில் கிழியத் தொடங்கும். மாற்றிய ஆர்ம் சில மாதங்களிலேயே மறுபடி சத்தமிடுகிறது என்று புலம்புபவர்கள் பொருளின் தரத்தைத்தான் குறை சொல்வார்கள். இறுக்கிய நிலையை யாரும் விசாரிப்பதில்லை.

ஆகவே உள்முனை போல்ட்டுகளை ஆட்டம் போகுமளவுக்கு மட்டும் இறுக்கிவிட்டு, பால் ஜாயின்ட்டுக்கு நேர் கீழே, மரக்கட்டை ஒன்றை இடையில் வைத்து, ஜாக்கியால் மெதுவாக உயர்த்தினேன். ஃபெண்டரில் ஒட்டிவைத்த எண் வரும்போது நிறுத்தி, அங்கே இறுக்கினேன். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்பிரிங் அதன் வழக்கமான அளவுக்கு அமுங்கும்போது, அந்த மூலையின் எடை முழுவதும் ஸ்டாண்டிலிருந்து ஜாக்கிக்கு மாறிவிடுகிறது. அதாவது, நாம் தேடும் உயரமும் ஸ்டாண்டை விட்டு வண்டி எழும் கணமும் ஏறத்தாழ ஒன்றே. எனவே ஸ்டாண்டின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும், அது தளரும் அறிகுறி தெரிந்தவுடன் ஜாக்கியை நிறுத்திவிட வேண்டும். 10 மில்லிமீட்டர் குறைவாக நின்றாலும் கோண வித்தியாசம் இரண்டு டிகிரிக்கு மேல் போகாது; ரப்பருக்கு அது பொருட்டல்ல. ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தும்போது ஸ்டெபிலைசர் பார் எதிர்த்து நிற்கும் என்பதால், இரு பக்கமும் இறுக்கி முடியும்வரை லிங்க்குகளைப் பிரித்தே வைத்திருந்தேன்.

இன்னொரு முறை, சக்கரங்களை மாட்டி, சக்கரங்களுக்கடியில் அகலமான உறுதியான கட்டைகளை வைத்து வண்டியை அவற்றின் மேல் இறக்கி, அடியில் கை நுழையும் இடைவெளியில் இறுக்குவது. தரையில் இறங்கும் டயர் பக்கவாட்டில் உராய்ந்து பிடித்துக்கொள்வதால் வண்டி உடனே அதன் இயல்பான உயரத்துக்கு வராது. முன்பக்கத்தைப் பலமுறை அழுத்திவிட்டு, உயரத்தை அளந்து உறுதி செய்த பிறகே இறுக்க வேண்டும். இடம் இருப்பவர்களுக்கு இதுவே பாதுகாப்பானது. ரப்பர் ஒட்டப்படாத பாலியூரிதேன் புஷ்ஷுக்கும், பந்து மூட்டைப் போல் சுழலும் உள்முனை ஜாயின்ட்டுக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. அவை முறுக்கை ஏற்பதே இல்லை.

எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டிலிருந்து மட்டுமே எடுங்கள். வேறொரு வண்டியின் எண் இதற்குப் பொருந்தாது. பல வண்டிகளில் அது 70 நியூட்டன் மீட்டர், அதன்பின் 90 டிகிரி என்பதுபோல் இரண்டு படிகளாகத் தரப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் அந்த போல்ட் இறுக்கும்போது நிரந்தரமாக நீண்டு பிடிக்கும் வகை என்று கொண்டு, பழையதைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதியதைப் போடுவதே சரி. நைலான் வளையமுள்ள நட்டுகளுக்கும் இதே விதி. ஸ்பிளிட் பின் போடும் நட்டில் துளை நேராக வராவிட்டால் இன்னும் சற்று இறுக்கி நேராக்க வேண்டும், தளர்த்தி நேராக்கக் கூடாது. இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயின்ட் பேனாவால் சப்ஃபிரேமையும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிட்டேன். பிறகு தளர்ந்தால் கோடு பிரிந்து தெரியும் என்பதோடு, எதை இறுக்கினோம், எது பாக்கி என்ற குழப்பமும் களைப்பான நேரத்தில் வராது.

முதல் ஓட்டத்தை ஆளில்லாத இடத்தில் குறைந்த வேகத்தில், பலமுறை பிரேக் பிடித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, நேராக வீல் அலைன்மென்ட்டுக்கு எடுத்துச் செல்வது நல்லது. ஆர்மின் நீளத்தில் சிறு வேறுபாடும் புதிய புஷ்களின் விறைப்பும் சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கையில் ஸ்டியரிங் அச்சின் சாய்வு) மூன்றையும் பாதிக்கும். பல வண்டிகளில் டோ ஒன்றை மட்டுமே திருத்த முடியும். சரிசெய்வதற்கு முந்தைய அளவுகளையும் அச்சிட்டுத் தரும்படி கேட்டு வாங்குங்கள். இருபக்கக் கேம்பரும் ஒன்று கூடியும் மற்றது அதே அளவு குறைந்தும் இருந்தால் சப்ஃபிரேம் பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தால் அந்தப் பக்க ஆர்மையோ, முன்பு எங்கோ மோதி வளைந்த நக்கிளையோ ஸ்ட்ரட்டையோ பார்க்க வேண்டும். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் சோதித்து, போல்ட் தலைகளில் இழுத்த கோடுகளை ஒரு டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டால் போதும்.